கடிதத்தில் விட்டுப்போன ஒரு வார்த்தை

ஒரு பக்கமாகக் கண்ணைச் சுற்றிக் குடைந்தெடுக்கும் கிளஸ்டர் தலைவலி எனக்கு. அது உள்ளவர்களுக்கு அந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை. வந்த வலியை நிறுத்தும் சுமாட்ரிப்டான் ஊசி ஒரு நாளைக்கு இரண்டுதான் போடலாம். எனக்கோ வலி நாலு தடவை வரும். அதனால்தான் கழுத்தில் வைத்து, மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டும் கருவிக்கு விண்ணப்பித்தேன். கழுத்து ஸ்கேன், பேஸ்மேக்கர் இல்லை என்ற சான்று எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன.

மாட்டிக்கொண்டது விண்ணப்பத்தோடு வைத்த டாக்டர் கடிதத்தில். ‘கடுமையான தலைவலி’ என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கவுண்டரில் கேட்டால், “பேப்பர் சரியில்லை” என்ற ஒரே பதில். இரண்டாவது தடவை போய் நின்றபோதுதான் உள்ளிருந்து வந்த ஒரு அம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “எபிசோடிக்கா க்ரானிக்கா, போடவே இல்லையே?” என்றார். சில வாரங்கள் வந்து, பிறகு மாதக்கணக்கில் ஓய்ந்துவிடுவது எபிசோடிக்; அப்படி ஓயாமல் தொடர்வது க்ரானிக். அது முக்கியமான வார்த்தை. வந்த வலியை நிறுத்த இந்தக் கருவியை, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் அனுமதித்ததே எபிசோடிக் வகைக்குத்தான். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் மிச்சம்! நீங்கள் போகும்போது வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம் என்று எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள்.

கருவி வந்த பிறகும் நாலு நாள் வீண். காதுக்குக் கீழே வைத்தேன், ஜெல்லும் கொஞ்சம்தான் தடவினேன். ஊசி குத்துவது போல் சுருக்கென்றது, வலி அசையவில்லை. அப்புறம் நர்ஸ் என் விரலைப் பிடித்துக் கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் வைத்தார். கருவியின் இரண்டு உலோக வட்டுகளிலும் ஜெல்லைத் தாராளமாகத் தடவி, அங்கேயே அழுத்தி, தூண்டலின் அளவை மெல்ல மெல்லக் கூட்டினார். கீழுதட்டின் ஓரம் தானாக இழுத்தது. “இப்படி இழுத்தா இடம் சரி” என்றார்.

அன்று இரவு 2 மணிக்கு வலி எட்டிப்பார்த்ததுமே எடுத்தேன். இரண்டு நிமிடம் வீதம் மூன்று முறை. மூன்றாவது முடியும்போது கண்ணில் நீர் வடிவது நின்றிருந்தது. வழக்கமாக ஒரு மணி நேரம் படுத்தும் வலி. படுக்கையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எல்லாத் தடவையும் கேட்பதில்லை, ஊசியைக் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: சார்ஜ் முழுசாக இருந்தாலும், மருந்துச்சீட்டில் தந்த நாள் முடிந்தால் கருவி வேலை செய்யாது. புதுப்பிக்கும் கடிதத்தை நேற்றே வாங்கிவிட்டேன். ‘எபிசோடிக்’ முதல் வரியிலேயே இருக்கிறது.