சின்னப் படகுக்கு அவசர பம்பு

படகுக்குள் ஏறும் தண்ணீரை வெளியேற்ற பம்பு வாங்க வருகிறவர்கள் முதலில் பெட்டியைத் திருப்பி, மணிக்கு எத்தனை கேலன் என்ற கணக்கைத்தான் பார்க்கிறார்கள். பழவேற்காட்டில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வயரிங் வேலை என்னுடையது. ஆந்திரா பக்கம் தடா, சூளூர்பேட்டையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு நடக்கும், எந்த ஊர்க்காரரானாலும் கேட்பது ஒன்றே: "இதுல எது பெருசு?" பெரியதை வாங்கிவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். இந்த நினைப்பு எனக்குக் கவலையாக இருக்கிறது.

பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களின் 14 அடிப் படகு ஒன்று பட்டறைக்கு வந்தது. அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் படகின் வடிவம்: அடி தட்டை, பக்கம் தாழ்வு, நாணலுக்குள் புகுந்து மறைந்து நிற்க வசதி. நம்மிடம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இவர்கள் பூநாரையை எண்ணத்தான் போகிறார்கள். ஆனால் படகின் பலவீனம் அதேதான். அங்கே துப்பாக்கி, பொம்மை வாத்து மூட்டை, நாய் என்று ஏற்றுவார்கள், இங்கே நாலு பேரும் கேமராப் பைகளும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம்கூட மிச்சமிருக்காது.

அந்தப் படகோட்டி என்னைவிட மூத்தவர். "தம்பி, 2000 கேலன் போட்டுடு" என்றார். "அண்ணே, முதல்ல கணக்குப் பார்த்துடலாம்" என்று உட்கார வைத்தேன்.

நான் மனதில் வைத்திருந்தது 1100 கேலன் பம்பு. அதாவது மணிக்கு 4,100 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அந்த எண்ணை எடுப்பது தண்ணீரை மேலே ஏற்றாமல், 13.6 வோல்ட் மின்சாரம் கொடுத்து. படகில் எஞ்சினால் சார்ஜ் ஆகாத நேரத்தில் பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கிட்டேதான் இருக்கும், குழாய் வளைந்து வளைந்து மேலே ஏறும். உள்ளே வரிவரியாக இருக்கும் குழாய் போட்டால் இன்னும் மோசம். மணிக்கு 2,500 லிட்டர் வந்தாலே நல்லது என்று வைத்துக்கொண்டுதான் நான் கணக்குப் போடுவேன். இப்போது ஓட்டைப் பக்கம் வாருங்கள். பின்பலகையில் தண்ணீர் வடியும் துளை ஒரு அங்குலம், அதன் அடைப்பை மறந்துவிட்டு இறங்கினால் அரை அடி ஆழத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வரை உள்ளே வரும், ஒரு அடி ஆழம் போனால் 40-ஐத் தாண்டும். அதாவது மணிக்கு 2,500 லிட்டர். பெட்டிக் கணக்கில் தாராளமாகத் தெரிந்த பம்பு, நிஜத்தில் வருகிற தண்ணீருக்குச் சமமாக ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அலை ஏறி உள்ளே விழுந்தால் கணக்கு வேறு. 14 அடி நீளம், 4 அடி அகலத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 500 லிட்டர், அரை டன். அந்த அரை டன் ஒரு இடத்தில் நிற்காது, எஞ்சினும் ஆளும் இருக்கும் பின்பக்கம் ஓடும், பின்பலகை தாழும், அடுத்த அலைக்கு வழி விடும். பம்பு இதை வெளியேற்ற பன்னிரண்டு நிமிடம் ஆகும். பதட்டத்தில் ஒரு ஆள் 10 லிட்டர் பக்கெட்டால் வாரி ஊற்றினால் நாலைந்து நிமிடத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால் பக்கெட்டைக் கயிறு கட்டி வைக்கச் சொல்கிறேன், பம்பு வாங்கினவருக்கும்தான். பக்கெட் பிடிக்கக் கை ஒழியாத நேரத்தில், தனியாக எஞ்சினையோ துடுப்பையோ பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பம்பின் வேலை.

சரி, 2000 ஏன் வேண்டாம்? அது 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், தடித்த குழாய் கேட்கும், தடித்த வயர் கேட்கும். இவர்கள் எஞ்சின் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது, படகில் பேட்டரியே கிடையாது, புதிதாக ஒன்று தூக்கிச் செல்ல வேண்டும். 1100 என்றால் 3, 4 ஆம்பியர், 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஆறேழு மணி நேரம் தாங்கும். பேட்டரியை மூடிபோட்ட பெட்டியில் வைத்து நடு இருக்கையின் மேல் கட்டினேன். கீழே வைத்தால் தண்ணீர் ஏறியதும் முதலில் சாவது அதுதான்.

பம்பைத் தரையோடு திருகவில்லை. நீளமான வயரோடு ஒரு மரச்சட்டத்தின் நுனியில் பொருத்தினேன், தண்ணீர் அணியத்தில் தேங்கினாலும் பின்பக்கம் தேங்கினாலும் அங்கே கொண்டுபோய் வைக்கலாம். சல்லடையில் நைலான் நூலோ தெர்மோகோல் துண்டோ அடைத்தால் தூக்கிப் பார்த்துச் சுத்தம் செய்யலாம். தானாக ஓடும் மிதவை சுவிட்ச் நல்லதுதான், ஆனால் உப்பு படிந்து சிக்கிக்கொள்ளும், ஆள் ஏறி உட்காரும் படகுக்குக் கையால் போடும் சுவிட்ச் போதும். ஃபியூஸ் மட்டும் விட்டுவிடக் கூடாது.

பழவேற்காடு ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தானே என்று சிலர் சொல்வார்கள். முகத்துவாரத்துக்கு அருகில் ஓட்டம் எப்படி இழுக்கும் என்று பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஆழமில்லாத இடத்திலும் சேற்றில் காலை ஊன்ற முடியாது.

படகைக் கரையோரம் நிறுத்தி, நாலு பேரையும் ஏற்றி, உள்ளே பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, கடிகாரம் வைத்து ஓட்டிப் பார்த்தோம். அப்புறம் அந்த அண்ணன் தானாகவே கேட்டார், துளைக்கு இன்னொரு மர ஆப்பு செதுக்கித் தர முடியுமா என்று. இரண்டு செதுக்கி, ஒன்றைத் துளைக்குப் பக்கத்திலேயே நூலால் கட்டிக் கொடுத்தேன்.