முள்ளியவளையில் ஒரு பகலும் ஓர் இரவும்

இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னியைச் சுற்றிப் பார்க்க எப்போது வரலாம் என்று உறவினர்கள் கேட்டால், வைகாசி விசாகத்தையொட்டி வரும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு முதல்நாள் வாருங்கள் என்றே நான் சொல்வேன். திங்கட்கிழமைப் பொங்கலுக்கு ஊரே திரளும். ஆனால் கூத்துக் கேட்கும் காதுள்ளவர்களுக்குரிய நாள் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான்.

கனடாவிலிருந்து வந்திருந்த சித்தியின் மகளை அழைத்துக்கொண்டு வவுனியாவிலிருந்து புளியங்குளம், நெடுங்கேணி வழியாகப் பஸ்ஸில் சென்றேன். ஒட்டுசுட்டானில் இறங்கித் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டோம். பிற்பகலில் நந்திக்கடலோரம் சிறிது நேரம் நின்றோம். 2009ஆம் ஆண்டு வைகாசியில், போரின் இறுதி நாள்களில், அந்தக் கரை கண்டவற்றை அவளும் அறிவாள். இருவரும் அதிகம் பேசவில்லை.

மாலையில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலுக்குப் போனோம். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, கிழவி வடிவில் மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் விளக்கேற்றச் சொன்னதாகவும், எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றச் சொன்னதாகவும் எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அதன்படி முல்லைத்தீவுக் கடலில் ஒரு வாரம் முன்பே எடுத்துவந்த தீர்த்தத்தில் இங்கே விளக்கு எரிகிறது. "உண்மையாகவே உப்புத்தண்ணீரா அக்கா?" என்று கேட்டவள், அந்தச் சிறிய சுடரை விட்டு நெடுநேரம் நகரவில்லை.

இரவு கோவலன் கூத்து. ஒலிபெருக்கிக்குத் தள்ளி, மத்தளம் கொட்டிக் கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்கு அருகில் மணலில் பாய் விரித்து அமர்ந்தோம். கூத்தைக் கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. பாத்திரம் நுழையும்போது பாடும் வரவுப் பாட்டு தொடங்கும்போது அவருடைய வலக்கை மத்தளத்தின் ஓரத்தை மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க, ஆட்டக்காரரின் கால் ஆடுகளமான களரியில் விழும் கணத்தில் இடக்கை முழுதாக இறங்கும். அந்த அதிர்வைப் பாயின் அடியிலிருந்த மணலிலும் உணர்ந்தோம். ஆட்டக்காரர் ஓர் அடியைப் பாடி முடிக்குமுன் பிற்பாட்டுக்காரர் அதை ஏந்திக்கொள்வதால் பாட்டு எங்கும் அறுவதில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த முதிய அம்மா ஒருவர் கூத்துப் பாட்டுகளான தருக்களை ஒன்றுவிடாமல் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். "பிள்ளையள், கண்ணகி வழக்குரைக்கும் இடம் மட்டும் நித்திரை கொள்ளாதேங்கோ," என்றார். கைப்பேசியில் இரண்டு நிமிடத் துண்டாகப் பார்த்தால் கூத்து ஒரே மெட்டில் இழுபடுவதாகத் தோன்றும். விடியுமட்டும் இருந்தவர்களுக்கே கோவலனின் துள்ளல் படிப்படியாகக் குறைந்து கண்ணகியின் குரல் ஓங்குவது புரியும்.

தங்கை உறங்கவில்லை. மறுநாள் பொங்கலுக்கான படையல் பொருட்களான மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் புறப்படும் பறையொலி கேட்டதும், பஸ்ஸுக்குக் காத்திருப்போம் என்று நான் சொல்லுமுன்பே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கிவிட்டாள்.