ஒருத்தர் பேப்பர் போட்டா மீதி பேர்கிட்ட யாரு பேசுறா?

நடுத்தர சைஸ் ஃபைனான்ஸ் கம்பெனில ஒருத்தர் ரிசைன் பண்ணினா ஹெச்ஆர் கவனம் பூரா அவர் மேலயே போயிடும். ஏன் போறீங்க, அங்க எவ்ளோ தர்றாங்க, கவுன்டர் ஆஃபர் குடுத்தா இருப்பீங்களா, எக்ஸிட் இன்டர்வியூ ஃபார்ம் நிரப்பியாச்சான்னு ஒரே கேள்வி. ஆனா அவருக்குப் பக்கத்து சீட்ல இருக்கறவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்ல. ரொம்ப நாளா ஆபரேஷன்ஸ்ல இருந்து பாத்ததுல எனக்கு இதுதான் பெரிய கோளாறா படுது.

பெரிய வங்கின்னா ரீகன்சிலியேஷனுக்கே, அதாவது ரெண்டு பக்கக் கணக்கும் ஒத்துப் போகுதான்னு சரிபாக்கற வேலைக்கே, தனியா ஒரு பட்டாளம் இருக்கும், ஒருத்தர் போனா தெரியக்கூடத் தெரியாது. நடுத்தர கம்பெனில அந்த வேலைக்கு மூணு பேர் இருந்தாலே அதிகம். மேக்கர் செக்கர் ரூல் வேற இருக்கு, என்ட்ரி போட்டவரே அப்ரூவ் பண்ணக் கூடாது, அது நியாயமான ரூல்தான், ஆனா மூணு பேர்ல ஒருத்தர் போயிட்டா மிச்ச ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் செக்கர் ஆயிடுவாங்க, அப்புறம் ரெண்டு பேர்ல யாரும் லீவே எடுக்க முடியாது, அதுக்கு நடுவுல மாசக் கடைசி க்ளோசிங் வரும், ஆடிட்டர் கேள்வி வரும், எந்த க்ளையன்ட்டுக்கு எந்த ஃபார்மட்ல ஸ்டேட்மென்ட் போகணும்ங்கறது போனவர் தலைக்குள்ள மட்டும்தான் இருந்திருக்கும். புது ஆள் எடுத்து, பேக்ரவுண்ட் செக் முடிச்சு, சிஸ்டம் ஆக்ஸஸ் வாங்கி, அவர் தனியா நிக்கறதுக்குள்ள மாசங்கள் ஓடிடும். அவ்ளோ நாளும் மூணு பேர் வேலைய ரெண்டு பேர் பாப்பாங்க, சம்பளம் மட்டும் அதேதான்.

அப்போ ரெண்டாவது ரெசிக்னேஷன் வர்றதுல என்ன ஆச்சரியம்? 2009-ல மேனேஜ்மென்ட் ஆய்வாளர் வில் ஃபெல்ப்ஸும் அவர் கூட இருந்தவங்களும் இதைப் பத்தி ஒரு ஆய்வு போட்டாங்க. கூட வேலை பாக்கறவங்க வேற வேலை தேட ஆரம்பிச்சா நம்மளும் கிளம்பற வாய்ப்பு கூடுதுன்னு அதுல வந்துச்சு, அவங்க பாத்த இடத்துல ஒரு வங்கியும் உண்டு. இந்தத் தொத்து எங்க எல்லாருக்கும் கண்ணால பாத்த விஷயம்தான்.

சம்பளம் முக்கியம் இல்லன்னு நான் சொல்லல. குறைவா குடுத்துட்டு மத்ததைப் பேசறதுல அர்த்தமே இல்ல. ஆனா பணம் சரியில்லன்னா வெறுப்பு வரும், பணம் சரியா இருக்கறதால மட்டும் வேலை மேல பிடிப்பு வராதுன்னு உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லயே சொல்லிட்டார். போனஸ தள்ளித் தள்ளிக் குடுத்து ஆளப் பிடிச்சு வைக்கற கம்பெனிகள்ல போனஸ் கிரெடிட் ஆன மறுவாரம் மெயில்பாக்ஸ பாருங்க, போற தேதிதான் தள்ளிப் போயிருக்கும், போற எண்ணம் அப்படியேதான் இருக்கும்.

அப்புறம் வேலைல எவ்ளோ ஈடுபாடுன்னு கேட்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற என்கேஜ்மென்ட் சர்வே. அனானிமஸ்னு போட்டிருப்பாங்க. மூணு பேர் டீம்ல அனானிமஸ் எப்படி? "டீம் லீட் கிட்ட பேசவே முடியல"ன்னு ஒருத்தர் எழுதினா யாருன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும், அதனால எல்லாரும் அஞ்சுக்கு நாலு போட்டுட்டுப் போயிடுவாங்க, மேனேஜ்மென்ட்டும் ஸ்கோர் நல்லா இருக்குன்னு நிம்மதியா இருக்கும். டீமுக்கு டீம் ஈடுபாடு மாறுதுன்னா அந்த வித்தியாசத்துல குறைஞ்சது 70 சதவீதம் மேனேஜராலதான்னு கேலப்ங்கற கருத்துக்கணிப்பு நிறுவனம் சொல்லுது. ஆனா நம்ம மாதிரி கம்பெனில மேனேஜர் யாரு? நல்லா வேலை பாத்ததால ப்ரமோஷன் வாங்கினவர், இன்னும் பாதி நாள் தானே செக்கரா உக்காந்திருப்பார். அவருக்கு ஆளுங்களோட உக்காந்து பேச நேரம் ஒதுக்கித் தராம அவர்கிட்ட ஆளுங்க போகாம பாத்துக்கணும்னு ரிடென்ஷன் டார்கெட் குடுக்கறது அநியாயம்.

நடுத்தர கம்பெனிக்குன்னு ஒரு பலமும் இருக்கு, அதை யாரும் சரியா பயன்படுத்தறதில்ல. மேல போற ஏணி குட்டைதான், ஒரு மேனேஜர் சீட் காலியாக வருஷங்கள் ஆகும். ஆனா ஆபரேஷன்ஸ்ல இருந்து ரிஸ்க்குக்கோ கம்ப்ளையன்ஸுக்கோ மாறணும்னா முடிவெடுக்கறவர் ரெண்டு ரூம் தள்ளிதான் இருப்பார். கேட்டா நடக்கும். அப்படி ஒரு வழி இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு மேனேஜர் இதைச் சரியா பண்ணிப் பாத்திருக்கேன். டீம்ல ஒருத்தர் பேப்பர் போட்ட அன்னிக்கே மிச்ச ரெண்டு பேரையும் உக்கார வச்சு, எந்த வேலைய நிறுத்தலாம்னு கேட்டாங்க. மேனேஜ்மென்ட் பாக்கறதுக்குன்னு தினமும் போற ரெண்டு எம்ஐஎஸ் ரிப்போர்ட்ட யாரும் திறந்தே பாக்கறதில்லன்னு அப்பதான் வெளிய வந்துச்சு. நிறுத்தினாங்க, யாரும் ஏன்னு கேக்கல. புது ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு பேருக்கும் தனி அலவன்ஸ் எழுதி வாங்கினாங்க, ஆள் எப்ப வருவாருங்கற தேதியையும் மறைக்காம சொன்னாங்க, தள்ளிப் போனப்ப அதையும் சொன்னாங்க. அடுத்த அப்ரைசல் தாண்டியும் அந்த ரெண்டு பேரும் அங்கதான் இருந்தாங்க, புதுசா வந்தவருக்கு வேலை சொல்லிக் குடுத்ததும் அவங்கதான்.