நெளித்தகடு போர்த்திய இறக்கை

டிபி-3 என்ற பழைய சோவியத் குண்டுவீச்சு விமானத்தின் சின்ன மாதிரி செய்கிறேன்; அதன் இறக்கைக்கு வண்ணம் பூசி முடிக்க மூன்று இரவு ஆகிவிட்டது. மேல்தகடு முழுக்க நெளிவு. ஒவ்வொரு பள்ளத்திலும் தூரிகை நுனியைத் தனியாக இழுக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் வண்ணம் தேங்கிவிடும்.

அந்த நெளிவு அழகுக்காக வந்ததல்ல. காகிதத்தை விசிறியாக மடித்தால் விறைத்து நிற்குமே, அதே சங்கதிதான். டூராலுமின் என்ற அலுமினியக் கலவையின் மெல்லிய தகட்டை நெளித்துவிட்டால், அதிக எடையில்லாமல் விறைப்பு கிடைக்கும். ஜெர்மனியில் விமானத் தயாரிப்பாளர் யுங்கர்ஸ் காட்டிய வழி. சோவியத் நாட்டில் விமான வடிவமைப்பாளர் துப்பலேவ் அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்: 1925இல் இரட்டை எஞ்சின் டிபி-1, 1930 டிசம்பரில் நான்கு எஞ்சின் டிபி-3. மற்ற நாடுகளில் பெரிய குண்டுவீச்சு விமானம் என்றால் அப்போதும் பெரும்பாலும் துணி போர்த்திய, கம்பி இழுத்துக் கட்டிய இரட்டை இறக்கைதான். என்ன துணிச்சல்!

ஆனால் நெளிவு காற்றோடு உரசும். வேகம் போய்விடும். 1934இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த மார்ட்டின் பி-10 குண்டுவீச்சு விமானம் மணிக்கு 200 மைலைத் தாண்டியது. சக்கரம் மடங்கும், குண்டுகள் வயிற்றுக்குள், மூக்கில் சுழலும் துப்பாக்கிக் கூண்டு. அதோடு ஒப்பிட்டால் டிபி-3 கிழடுதான்.

இருந்தாலும் என் மனம் டிபி-3 பக்கமே. அதன் இறக்கை அவ்வளவு தடிமன். பறக்கும்போதே மெக்கானிக் உள்ளே தவழ்ந்துபோய் எஞ்சினைக் கவனிக்கலாம். தூரிகையை இழுத்தபோதெல்லாம் தகட்டுக்கு அடியில் அவர் இருப்பதாகவே தோன்றியது.