‘அடுத்த வாரம் பார்த்துக்கலாங்க’

எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற எனக்கு இந்த வரியைக் கேட்டாலே இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. கோவையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம், பைப் பதித்து, வயர் இழுத்து, பேனல் வைத்து, லைன் கொடுத்து, கீழே கடைகள் திறந்து வியாபாரமும் ஜோராக நடக்கிறது, வேலை கொடுத்தவர்களிடமிருந்து என்னுடைய கடைசி பில் 4,80,000 ரூபாய் மட்டும் பத்து மாதமாக வராமலே இருந்தது. பையன்களுக்குச் சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுத்தாயிற்று, வயர் கடைக்காரருக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தாயிற்று. இதில் கொடுமை என்னவென்றால், பில் போட்ட மாதக் கணக்கிலேயே 86,400 ரூபாய் ஜிஎஸ்டி காட்டி, இன்புட் (நான் பொருள் வாங்கும்போதே கட்டிய வரி) போக மீதியைக் கைக்காசில் கட்டினேன். வராத பணத்துக்கு வரி!

முதல் ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் போன் அடித்ததுதான். நண்பர் ஒருவர் சொன்னாரே என்று ஸ்டேஷனுக்கும் போனேன், ‘இது சிவில் மேட்டருங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னது சரிதான். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி, வேலையை வாங்கிக்கொண்டு காசை இழுத்தடிப்பது பெரும்பாலும் சிவில் வழக்குதான்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி, ‘எழுத்துல என்னங்க இருக்கு?’ ஒரு பக்க ஒர்க் ஆர்டர் இருந்தது. கூடுதலாகச் செய்த வேலைக்கு ஒன்றுமில்லை, ‘போட்டுடுங்க, பில்லில் சேர்த்துக்கலாம்’ என்று சைட் இன்ஜினியர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்தான். அதுவும் சாட்சிதான், ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டுமாம், அதனால் போனை மாற்றினாலும் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.

நான் எதிர்பார்க்காத காகிதம் வேறு இடத்தில் கிடந்தது. ஆடிட்டர் என்னுடைய 26ஏஎஸ் படிவத்தை, அதாவது என் பேரில் யார் யார் வருமான வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் கணக்கை, எடுத்துக் காட்டினார். எனக்கு ஒரு பைசா தராத அதே ஆட்கள், என் பேரில் 4,800 ரூபாய் டிடிஎஸ் (பில் தொகையில் பிடித்துக் கட்டும் வரி) கட்டியிருக்கிறார்கள்! முழு பில்லுக்கும் சரியாக 1 சதவீதம். அப்படியானால் பில்லை அவர்கள் கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? (இதை மட்டும் வைத்து ஜெயித்துவிட முடியாது என்று வக்கீல் உடனே என் வாயை அடைத்தார்.)

பேங்க் லோனுக்காக எப்போதோ எடுத்து வைத்த உத்யம் பதிவும் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இங்கே கைகொடுத்தது. 2006-ஆம் வருடத்துச் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. ஆன்லைனில் மனுப் போட்டால் இந்தப் பாக்கிகளுக்கென்றே இருக்கிற அரசு கவுன்சில் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், எனக்குப் பிடித்ததே இதுதான். ஆனால் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். பதிவு வேலைக்கு முன்னாலேயே இருக்க வேண்டும், முடித்துவிட்டுப் பதிவு செய்து பழைய பாக்கிக்குக் கேட்டால் செல்லாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம், ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் (பொருளும் வேலையும் சேர்த்து எடுக்கிற ஒப்பந்தம்) இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உட்பட சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். நானும் மனுப் போட்டேன், என் விஷயத்திலும் பதில் நோட்டீஸில் அதைத்தான் எழுதினார்கள்.

கவுன்சில் ஒத்துவராவிட்டால் கோர்ட்தான். 3 லட்சத்துக்கு மேல் என்றால் வணிக நீதிமன்றம், அவசர உத்தரவு கேட்காத வழக்குக்கு முன்னால் சமரச முயற்சி கட்டாயம். திவால் சட்டத்தைக் காட்டி மிரட்டலாம் என்று சிலர் சொல்வார்கள், 2020-லிருந்து அதற்கு ஒரு கோடி பாக்கி இருக்க வேண்டும், நமக்கு அது கனவு. எந்த வழியாக இருந்தாலும் வழக்குப் போட இருக்கிற மூன்று வருடக் கெடுவை மறக்கக் கூடாது. ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று கேட்டுக்கொண்டே மூன்று வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கெடுவுக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக எண்ணலாம்.

உண்மையில் ஆளை அசைத்தது இதெல்லாம் இல்லை, ஆடிட்டர் சொல்லி அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு நான் அனுப்பிய நாலு வரி மெயில். 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் என் பில்லில் எடுத்த இன்புட் வரியை அவர்கள் வட்டியோடு திருப்ப வேண்டும், 45 நாள் தாண்டிய சிறுதொழில் பாக்கியைக் கொடுக்கிற வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும், இந்த இரண்டையும் எழுதி, மனு எண்ணையும் போட்டிருந்தேன். பத்து மாதத்தில் முதல்முறையாக அவர்களே கூப்பிட்டார்கள்.

வட்டியை விட்டுக்கொடுத்தேன், பெருந்தன்மை எல்லாம் இல்லை, அலைய முடியவில்லை. இரண்டு செக். முதலாவது பாஸ் ஆகிவிட்டது. இரண்டாவது அடுத்த மாதம் 12-ஆம் தேதி. திரும்பினால் பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள், செக் திரும்பினால் போடுகிற 138-ஆம் பிரிவில் கோர்ட்டில் புகார். டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். மனுவை இன்னும் வாபஸ் வாங்கவில்லை.