ஸ்பெஷல் ஸ்கூல் பிள்ளைங்களோட சேர்ந்து ஓவியப் பட்டறை: ரெண்டு மாசம் நாயா அலைஞ்ச கதை

போன வாரம்தான் ஒருவழியா முடிஞ்சுது. கடுப்பு இன்னும் முழுசா அடங்கல, அதான் எழுதிடறேன், அடுத்து பண்றவங்களுக்காவது உதவட்டும். நான் சாதாரண ஸ்கூல்ல டிராயிங் டீச்சர். எங்க பிள்ளைங்க 12, ஸ்பெஷல் ஸ்கூல் பிள்ளைங்க 12, ஜோடி ஜோடியா சேர்ந்து ஒரு பெரிய துணியில பெயிண்டிங், இதான் பிளான். ரெண்டு ஹெச்எம்மும் ஒரே நாள்ல ஓகே சொல்லிட்டாங்க.

அப்புறம் ஆரம்பிச்சுது பேப்பர் வேலை. 24 சம்மதக் கடிதத்தையும் வாங்கி ஆபீஸ்ல குடுத்தா அங்க இருந்தவர் கண்ணாடிக்கு மேல பாத்துட்டு "போட்டோவுக்கு தனி சம்மதம் வேணுமே மேடம்"ங்கறார். முன்னாடியே சொல்லிருக்கலாமே சார்னா "நீங்க கேக்கலையே". திரும்ப 24 கையெழுத்து! ஆனா ரெண்டு அம்மாங்க பட்டறைக்கு சரி, போட்டோ மட்டும் வேணாம்னு எழுதிக் குடுத்தாங்க, அதனால மனுஷன் கேட்டது நியாயம்தான், கேட்ட விதம்தான் எரிச்சல்.

ஃபார்ம்ல நான் விட்டது அதைவிட பெரிய ஓட்டை. உடல்நிலைக்கு "வேறு ஏதேனும்?"னு ஒரே ஒரு கோடு போட்டிருந்தேன், எல்லாரும் காலியா விட்டுட்டாங்க. பலூனை பெயிண்ட்ல முக்கி அச்சு வைக்கலாம்னு ஒரு பாக்கெட் வாங்கி வச்சிருக்கேன், பட்டறைக்கு முந்தின நாள் அந்த ஸ்கூல் டீச்சர் போன்ல பேச்சுவாக்குல சொல்றாங்க, ஒரு பையனுக்கு ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு சரியா மூடாம இருக்கற குறை), லேடெக்ஸ் அலர்ஜி, அதாவது ரப்பர் ஒத்துக்காது, பலூன் அந்த ரூமுக்குள்ளயே வரக்கூடாதுன்னு. சின்ன வயசுலேர்ந்து ஆபரேஷன், ரப்பர் கையுறை, ட்யூப்னு பட்டுப்பட்டு அந்தப் பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு இது வந்துடுமாம். எனக்கு கை நடுங்கிடுச்சு. ரப்பர், வலிப்பு, எதையும் வாயில போடற பழக்கம், சத்தம், இதையெல்லாம் ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கேளுங்க.

முதல் தடவை மொத்தமா வேஸ்ட். ஹால் மாடியில, லிஃப்ட் ரிப்பேர், வீல்சேர்ல வந்த மூணு பேரும் கீழயே நின்னாங்க. பொருளையெல்லாம் கீழ எறக்கறதுக்குள்ள நேரம் போச்சு. பார்வை குறைவான பொண்ணு தடவிப் பாக்கட்டும்னு பசையால கோடு இழுத்திருந்தேன், காலையில இழுத்தது காயவே இல்ல, அவ கையோட வந்துடுச்சு. முதல் நாள் ராத்திரியே இழுத்துடணும். பிரஷ் பிடியில ஸ்பாஞ்ச் சுத்தி தடிமனாக்கினது மட்டும் உருப்படியா வேலை செஞ்சுது.

இதுல எங்க ஹெச்எம் எங்க பிள்ளைங்களுக்கு மட்டும் "உதவியாளர்"னு பேட்ஜ் அடிச்சுக் குடுத்துட்டார். அவ்வளவுதான், ஒவ்வொருத்தனும் ஜோடியோட படத்தையும் சேர்த்து வரைஞ்சு முடிக்கறான். ஒருத்தன் பக்கத்துப் பையன் கைய இறுக்கிப் புடிச்சு பிரஷ்ஷ ஓட்ட, அவன் திமிர்றான். அந்த டீச்சர் வந்து "புடிக்காத கண்ணு, உன் கைய அவன் கைக்கு அடியில குடு, அவனா வச்சுப்பான்"னாங்க. வச்சான். ரெண்டு பக்கமும் சம அந்தஸ்துல பழகினாதான் மனசுல இருக்கற ஒதுக்கல் குறையும்னு ஆல்போர்ட்ங்கற உளவியல் அறிஞர் 1954லயே எழுதிட்டார், நான் ட்ரெயினிங்ல மார்க்குக்காகப் படிச்சு மறந்ததுதான். ரெண்டாவது தடவை பேட்ஜ கழட்டி என் மேஜை டிராயர்ல போட்டு பூட்டிட்டேன், ஹெச்எம் கேட்டார், தொலைஞ்சு போச்சுன்னுட்டேன்.

அந்த முதல் நாள்லயே இன்னொண்ணு. பீரியட் மணி சரியா தலைக்கு மேல அடிச்சுது. ஒரு பொண்ணு காதைப் பொத்திக்கிட்டு மேஜைக்கு அடியில போயிட்டா. நான் வெளிய கூட்டிட்டு வரப் போனேன், அவங்க டீச்சர் தடுத்துட்டு ஒரு தாளும் கிரேயானும் உள்ள தள்ளினாங்க, வேற ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரத்துல அவளோட ஜோடியும் உள்ள பூந்துட்டா. எட்டிப் பாத்தா, தாளை விட்டுட்டு ரெண்டும் மல்லாக்கப் படுத்து மேஜையோட அடிப்பலகையில கிறுக்கிட்டிருக்கு.

ரெண்டாவது தடவைக்கு மணிய நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன் (அதுக்கும் ஒரு லெட்டர்!), எல்லா மேஜைக்கும் அடியில தாள் ஒட்டி வச்சேன். மேல விரிச்ச துணி பாதிதான் நிறைஞ்சுது. அடியில ஒட்டின தாள்ல ஒரு இடம் மிச்சமில்ல.