பந்தை நிறுத்துபவர்

யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒப்புநோக்குநராக இருக்கிறேன். எங்களிடம் வருவதில் பெரும்பகுதி, இறந்தவர்களின் நினைவாக உறவினர் வெளியிடும் நினைவு மலர்கள். ஊர்வழக்கில் கல்வெட்டு என்போம். இறந்த 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து, வீட்டில் மதிய உணவுக்கு அமர்பவர்களின் கைகளில் அது இருந்தாக வேண்டும். ஆனால் எழுதிய தாள்கள் எங்கள் மேசைக்கு வருவது பெரும்பாலும் 27ஆம் நாள்தான்.

சென்ற மாதம் ஒரு காலை, மடிப்பு மேசைக்கு மேலிருக்கும் வானொலியில் உள்ளூர்ப் பண்பலை ஒன்று, ஓய்வுபெற்ற தாதி ஒருவரைச் செவ்வி கண்டுகொண்டிருந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவருடைய வேலை என்னவென்று அறிவிப்பாளர் கேட்டார். “ஹொக்கியில பெனால்டி கோர்னர் அடிக்கேக்க பந்தை நிப்பாட்டிக் குடுக்கிற பிள்ளையின்ர வேலைதான், தம்பி” என்றார் அவர்.

உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் திரளும் ஊர் இது. ஹொக்கி என்றால் மாத்தளையையும் கண்டியையும்தான் நினைப்போம். அறிவிப்பாளரும் தடுமாறியிருக்க வேண்டும், விளக்கம் கேட்டார். பயிற்சிக் காலத்தில் கண்டியில் விளையாடியவராம், அழகாகச் சொன்னார். கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளி, பின்கோட்டில் நிற்கும் ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். அது கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் வட்டத்துக்கு வெளியே போன பின்னரே கோலை நோக்கி அடிக்கலாம். அங்கே இன்னொருவர் குனிந்து, மட்டையைத் தரையோடு கிடையாகச் சாய்த்து, விரைந்து வரும் பந்தை நிறுத்துவார். கோல் காப்பாளரோடு சேர்த்து ஐவர் பின்கோட்டிலிருந்து தடுக்கப் பாய்வதற்கிடையில், மூன்றாமவர் அதை இழுத்து வீசுவார். கோல் விழுந்தால் பெயர் மூன்றாமவருக்கே.

பெயர் கிடைக்காத உழைப்பைப் பற்றிய புலம்பல் இனி வரப்போகிறது என்று எண்ணிச் சலித்துக்கொண்டேன். அவர் சொன்னது வேறு. விதி கேட்பது பந்து வட்டத்துக்கு வெளியே போவதைத்தான். அது அசையாமல் நிற்க வேண்டுமென்பது அடிப்பவரின் தேவை. உருளும் பந்தைக் கொடுத்தால் அடி கோணிப்போகும். சத்திரசிகிச்சை முடிந்து உடலைத் தைக்குமுன் துணித்துண்டுகளை எண்ணும்போது, கணக்குச் சரிவரும் வரை வைத்தியரையே காக்கவைத்திருக்கிறாராம்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய கல்வெட்டு நினைவுக்கு வந்தது. அதன் குடும்ப விபரப் பக்கத்தில், இறந்தவரின் பெயருக்கு முன்னிருந்த ‘அமரர்’ என்ற சொல், உயிரோடிருக்கும் அவருடைய மனைவியின் பெயருக்கு முன்னும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வரியை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியதால் வந்த வினை. நான் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்தேன், கையொப்பமும் இட்டேன். இயந்திரம் மை பூசிக் காத்திருந்தது. பெயர்கள் சரியா என்று பார்த்த கண், பெயருக்கு முன்னால் நின்ற சொல்லைப் பார்க்கவில்லை. முந்நூறு பிரதிகளை வாங்கிச் சென்ற மகன் அன்று மாலையே திரும்பி வந்தார். கத்தவில்லை. “அம்மா இன்னும் பார்க்கேல்லை, அண்ணை” என்று மட்டும் சொன்னார். அந்த நான்கு பக்கத் தாளை மீண்டும் அச்சிட்டு, கம்பிகளைக் கழற்றி, தாளை மாற்றித் திரும்பத் தைத்து முடிக்க விடிந்துவிட்டது.

அவசரத்தின்மேல் பழி போட்டே அந்த இரவை இதுவரை கடந்துவந்திருக்கிறேன். வானொலியில் பேசிய தாதியின் கணக்கில், நான் உருளும் பந்தை இயந்திரத்திடம் கொடுத்தவன்.

செவ்வி முடிந்து பாட்டுத் தொடங்கியபோது, பக்கம் வடிவமைக்கும் தம்பி புதிய கல்வெட்டொன்றின் படியை என் முன்னால் வைத்தான். “அண்ணை, பந்து வருகுது” என்று சிரித்தான். முதற் பக்கத்தில், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா. அதில் பூர்வபக்கம், அதாவது வளர்பிறை என்றிருந்தது. இறந்த நாளுக்குப் பஞ்சாங்கம் காட்டியது அபரபக்கம், தேய்பிறை. இயந்திரத்தை வேறு வேலைக்குத் திருப்பச் சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.